டிவி தின்ற ஓரம்

எங்கள் வட்டார ஒளிப்படக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி மூன்று முறை வீடேறி வந்துவிட்டான். "ஒங்களுக்கு என்ன அண்ணாச்சி, அனுபவம் கடலு மாதிரில்லா கெடக்கு" என்றான். கடல்தான். அதில் நான் நீந்திய நாள்கள் குறைவு, தண்ணீர் குடித்த நாள்கள் அதிகம். அதையே எழுதுகிறேன் என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனான். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். மணப்பெண்ணின் தங்கை கைப்பேசியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள், சுவரில் இருந்த டிவியில் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பாட்டும் கூடவே வந்தது. என் பக்கத்தில் இருந்தவர் பாயசத்தைக் குடித்தபடி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டிவி அருகே போய் நின்றேன். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை டிவியில் வரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்!

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். கேரள எல்லையோரப் பாறசாலையில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் கோலப்பன் அண்ணனின் ஸ்டூடியோ. நான் அங்கே பதினைந்து வருடமாக வேலைக்காரன். லைட் பிடிப்பது, படத்துக்கு வெண்பொட்டு வந்தால் தூரிகையால் மறைப்பது, பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களின் காலரைச் சரிசெய்வது, இவைதான் என் கலை. கம்ப்யூட்டர் வாங்கியதும் அண்ணன் என்னை நெய்யாற்றின்கரைக்கு அனுப்பிப் பதினைந்து நாள் பாடம் படிக்க வைத்தார். பதினைந்தாம் நாள் நான் திரையில் ஒரு வீடு வரைந்து, அதற்குச் சிவப்பு ஓடு போட்டு, பக்கத்தில் ஒரு தென்னையும் நட்டேன். அந்தத் தகுதியோடு ஊர் திரும்பி, 'கம்ப்யூட்டர் சுகுமாரன்' ஆனேன்.

கோலப்பன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சாதாரணமாக இருந்தால் என்னை "எலே சுகுமாரா" என்பார். கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறுவார். கோபம் எல்லை கடந்தால் மறுபடி தமிழுக்கே வந்து, "நீங்க, வாங்க, போங்க" என்று மரியாதை கொடுத்துப் பேசுவார். அப்போது லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் லென்ஸை வட்டமாகத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த மரியாதையை என் ஆயுளில் நான்கைந்து தடவை பெற்றிருக்கிறேன். ஒரு தடவை போதும், ஒரு மாதத்துக்குச் சோறு இறங்காது.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடையில் டிவி வைக்க விடமாட்டார். "டிவி வச்சா கிரிக்கெட் வரும். கிரிக்கெட் வந்தா பாறசாலை சங்சன் முழுக்க இஞ்ச வந்து குத்தவச்சிருக்கும். பொறவு நான் எங்க நிக்கியது?" என்பார். நியாயம்தான். ஆனால் டிவிக்காகவே படம் செய்து கொடுக்கும் கடையில் டிவி இல்லை என்பது எனக்கோ அவருக்கோ அப்போது ஒரு குறையாகப் படவில்லை. கம்ப்யூட்டர் திரையில் பார்ப்போம், நன்றாக இருக்கும், கொடுத்துவிடுவோம்.

இப்போது பையன்கள் எல்லாவற்றையும் டிவிடி என்கிறார்கள். அன்று எங்களுக்கு வாய்த்தது வீடியோ சீடி. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் அதை ஓட்டும் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். பெட்டி வந்துவிட்டது, உள்ளே போட எதுவும் இல்லை. ஆகவே கல்யாணப் படங்களைப் பாட்டோடு ஓடவிட்டுச் சீடியாகத் தருவோம் என்று அண்ணன் வாசலில் எழுதி வைத்தார்.

என் முதல் சீடியை ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனேன். அறுபது படம். ஒன்று கரைந்து மற்றொன்று வரும்படி அழகாகச் செய்திருந்தேன். ஊர் கூடியிருந்தது. பெட்டிக்குள் தட்டைத் தள்ளினார்கள். டிவி நீலமாக நின்றது. எடுத்துத் துடைத்துப் போட்டார்கள், ஊதிப் போட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா அதை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லியே பிள்ளே" என்றார். கம்ப்யூட்டரில் செய்ததை அப்படியே தட்டில் நகலெடுத்தால் டிவிக்குப் புரிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அதற்கான வீடியோவாக மாற்றி, அதற்கான முறையில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் மலையாளத்தில் பேசினார். தமிழுக்கு வரவில்லை, அதுவே பெரிய புண்ணியம்.

அதன்பிறகு முறையாகச் செய்யக் கற்றோம். முதலில் அச்சிட்ட படத்தை ஒவ்வொன்றாக ஸ்கேனர் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். தூசி ஒன்று இருந்தாலும் மணப்பெண்ணின் கன்னத்தில் மரு முளைக்கும். பிறகு வரிசை போட்டு, ஒவ்வொரு படமும் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று எழுத வேண்டும். பிறகு பாட்டு. பிறகு எல்லாவற்றையும் வீடியோவாக மாற்றக் கொடுத்தால், காலையில் தொடங்கிய கம்ப்யூட்டர் மத்தியானச் சோறு கழிந்துதான் தலை நிமிரும். கடைசியில் தட்டில் எழுதுவது. அதுதான் கண்டம். அந்த முக்கால் மணி நேரமும் கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது. மௌஸ் அசைந்தால்கூடத் தட்டு பாழ். அண்ணன் கடைக் கதவைச் சாத்திவிட்டு, மௌஸை எடுத்துத் தன் மடியில் வைத்து, கோழிக்குஞ்சைப் பொத்துவதுபோல இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தும்மல் வந்தால் பின்கட்டுக்கு ஓடுவேன். பாழான தட்டுகள் என் வீட்டுப் பயறுப் பந்தலில் கிளி விரட்டத் தொங்கின. என் மனைவி, "ஒங்களுக்க சம்பாத்தியம் காத்துல ஆடுது" என்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் காஞ்சிரங்குளத்தில் ஞானாபரணம் சார் இறந்துபோனார்.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பழைய கிறிஸ்தவச் சபைக் குடும்பம். அந்தப் பக்கத்தில் அடக்கத்துக்கு முன்னால் சவப்பெட்டியை முற்றத்தில் வைத்து, குடும்பம் முழுவதும் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். அழுகைக்கு நடுவிலும் அந்தப் படத்துக்கு ஒரு முறை உண்டு. தலைமாட்டில் மனைவி, அடுத்து மூத்த மகன், அப்படியே வயதும் உறவும் பார்த்துக் கால்மாடு வரைக்கும். யார் யாருக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்று ஊருக்குச் சொல்லும் படம் அது. கோலப்பன் அண்ணன் ஸ்டூல்மேல் ஏறி நின்றுதான் அதை எடுப்பார். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன்.

சாருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் டேவிட்சன், அவரும் வாத்தியார். இளையவன் சாம்சன் மஸ்கட்டில் இருந்தான். அடக்கத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. இடையில் ஒரு மகள், புஷ்பம். வெள்ளறடையைச் சேர்ந்த, இந்து மதத்துத் தையல்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். பதினொரு வருடமாக அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஏற விடவில்லை என்பதுதான் சரி. அன்று வந்திருந்தாள். வெள்ளைச் சேலை கட்டி, பெட்டியின் கால்மாட்டுக்கு வெளியே, வரிசையை விட்டு ஓர் அடி தள்ளி நின்றாள். அண்ணன் ஸ்டூல்மேலிருந்து, "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு மக்கா" என்றார். அவள் அசையவில்லை. வரிசையில் இருந்தவர்களும் அசையவில்லை. அண்ணன் ஸ்டூலைப் பின்னால் நகர்த்தச் சொல்லி, அவளையும் சேர்த்து எடுத்தார். படம் கழுவும் லேபுக்குப் போகும்போது, 'ஓரம் வெட்டாமல் முழுதாக வேண்டும்' என்று சீட்டும் எழுதி வைத்தார்.

சாம்சன் ஒரு மாதம் கழித்து லீவில் வருவதாகவும், அன்று வீட்டில் நினைவு ஜெபம் வைத்து, எல்லோரும் சேர்ந்து டிவியில் அடக்கப் படங்களைப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. சீடி செய்யும் வேலை எனக்கு.

ஒருநாள் டேவிட்சன் சார் கடைக்கு வந்தார். அண்ணன் வெளியே போயிருந்தார். சார் அந்தக் குடும்பப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்து, விரலால் ஓரத்தைக் காட்டினார்.

"சுகுமாரன், இந்த ஆளு வேண்டாம். கம்ப்யூட்டர்ல வெட்டிக் களயலாம்லா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சார், பெட்டிக்கப் பக்கத்துல நின்னவங்கள வெட்டுகது பாவமாக்கும். நான் பதினஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்கக் கையால அது நடக்காது" என்றேன். குரலில் ஒரு நடுக்கம்கூட வரவழைத்தேன். சார் முகம் சுருங்கிப் படத்தை வைத்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஓரத்தை வெட்ட எனக்குத் தெரியாது. நெய்யாற்றின்கரைப் பாடத்தில் அது வரவில்லை. தெரியாது என்று சொன்னால் கம்ப்யூட்டர் சுகுமாரன் என்ற பட்டம் என்ன ஆவது? வெட்டத் தெரியாது என்பதை வெட்ட மாட்டேன் என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது பிடித்துப்போயிற்று. டீக்கடையில் நான்கு பேரிடம் சொன்னேன். பஸ்ஸில் இரண்டு பேரிடம் சொன்னேன்.

சொன்னது வெள்ளறடை போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் புஷ்பம் கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று, "நான் அதுல உண்டா அண்ணே?" என்றாள்.

உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். முழுதாக நின்றாள், செருப்பில்லாத கால் உட்பட. அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியில் விரலை வைத்து, தனக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தடவினாள்.

"ஜெபத்துக்கு வான்னு அம்மா ஆளு விட்டிருக்காங்க. போகவா வேண்டாமான்னு கெடந்தேன். அவ்வளவு பேருக்க முன்னால டிவில நான் அப்பாக்க கூட நிக்கியத பாத்தா, பொறவு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா?"

"தைரியமா வா பிள்ளே. நான் இருக்கேன்லா" என்றேன். இப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஜெபம் முடிந்தது. வீடு நிறைய ஆள். இறந்துபோன சாரின் மனைவி ரத்தினபாய் அம்மா நாற்காலியில் நடுவில் இருந்தார். புஷ்பம் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்ததைக் கண்டு முணுமுணுத்தவர்களும் ஜெபம் நடக்கிற வீடாயிற்றே என்று அடங்கியிருந்தார்கள். சாம்சன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த சீடிப் பெட்டியில் தட்டைப் போட்டு, ரிமோட்டை என் கையில் தந்தான். படம் வந்தது. நீலம் இல்லை! எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஒவ்வொரு படமும் ஐந்து விநாடி. குடும்பப் படத்துக்கு மட்டும், என் நேர்மையை எல்லோரும் நின்று நிதானமாகப் பார்க்கட்டும் என்று, பன்னிரண்டு விநாடி வைத்திருந்தேன்.

அது வந்தது. தலைமாட்டில் அம்மா, அடுத்து டேவிட்சன் சார், வரிசை, கால்மாடு. அதோடு டிவி முடிந்துவிட்டது. புஷ்பம் இல்லை. வெள்ளைச் சேலையின் ஒரு நூல்கூட இல்லை. இடது பக்கம் மலர்வளையமும் பாதிதான் இருந்தது, ஆனால் அதை யார் பார்த்தார்கள்? பன்னிரண்டு விநாடி எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் புஷ்பத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். டேவிட்சன் சார் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "உபகாரம் சுகுமாரன். மறக்க மாட்டேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், வீடே கேட்டது.

நான் செய்யாத காரியத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நன்றி அது. புஷ்பம் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். நான் என்ன செய்தேன்? ரிமோட்டை அமுக்கினேன். திரும்ப ஓட்டினேன். இரண்டாம் தடவை வருவாள் என்று நினைத்தேனோ என்னவோ, மூன்றாம் தடவையும் ஓட்டினேன். சாம்சன்தான் வந்து ரிமோட்டை வாங்கினான்.

மறுநாள் காலையில் கடையில் அண்ணனிடம் சொன்னேன். துணி லென்ஸைச் சுற்ற ஆரம்பித்தது.

"நீங்க வெட்டினீங்களா?"

"இல்ல அண்ணே. வெட்டத் தெரியாது."

"அது எனக்கு அறியும். கம்ப்யூட்டர்ல காட்டுங்க."

காட்டினேன். புஷ்பம் முழுதாக நின்றாள். அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, குறுக்கே ஒன்று முதல் இருபது வரை கட்டம் போட்டு எண் எழுதினார். மேலிருந்து கீழேயும் அப்படியே. அதை ஸ்கேன் செய்து சீடியாக எழுதச் சொன்னார். முக்கால் மணி நேரம் மௌஸைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு, சீடிப் பெட்டி வைத்திருந்த பக்கத்து வீட்டில் போய் டிவியில் போட்டுப் பார்த்தோம். ஒன்றைக் காணோம். இருபதைக் காணோம். இரண்டும் பத்தொன்பதும் திரையின் விளிம்பில் பிதுங்கிக்கொண்டு நின்றன. மேலும் கீழும் அதே கதி.

"டிவிப்பெட்டி நாலு பக்கமும் தின்னுது" என்றார் அண்ணன். "லேபுக்காரன் ஓரம் வெட்டுவான்னு சீட்டு எழுதி விட்ட நான், இது வெட்டும்னு நெனக்கல்ல. ஒரு டிவி கடையில கெடந்தா தெரிஞ்சிருக்கும்." கட்டம் போட்ட தாளை மடித்துக்கொண்டே, "தின்னது இத்தினிதான். அந்தப் பிள்ள அவ்வளவு ஓரத்துல நின்னதுக்கு டிவி என்ன செய்யும்?" என்றார்.

பிறகு, "எலே சுகுமாரா, எல்லாப் படத்தையும் சின்னதாக்கி, சுத்தி கறுப்பு விட்டு எழுதுலே. அத கொண்டு மொதல்ல அவ வீட்டுக்குப் போயிச் சொல்லு" என்றார். 'எலே' என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை படத்தையும் மறுபடி செய்தேன். பக்கத்து வீட்டு டிவியில் போட்டு ஒவ்வொரு படத்தின் நான்கு மூலையையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. தட்டையும் அந்தக் கட்டம் போட்ட தாளையும் எடுத்துக்கொண்டு வெள்ளறடைக்குப் பஸ் ஏறினேன்.

புஷ்பம் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே தாளை விரித்து, ஒன்றையும் இருபதையும் காட்டி, டிவி தின்னும் கதையை முழுவதும் சொன்னேன். அவள் கேட்டாள். இடையில் லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

"நீங்க வெட்டியிருக்க மாட்டியன்னு எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள். "வெட்டுகவரு மூணு தடவ திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாரா?"

சீடியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"படத்துல இல்லன்னு நான் இறங்கிப் போகல்ல. யாராவது ஒரு ஆளு விளிப்பாங்கன்னு இறங்கினேன். முற்றத்துல, அப்பாக்க பெட்டி வச்சிருந்த எடத்துல நின்னேன். பாட்டு திரும்பத் திரும்பக் கேட்டுது. ஒருத்தரும் வரல்ல. அம்மாவும் வரல்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்களாவது வந்திருக்கலாம் அண்ணே. நான் இருக்கேன்லான்னு சொன்னது நீங்கதானே."

அவள் முற்றத்தில் நின்ற அந்த நேரத்தில்தான் நான் உள்ளே ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். அழுகை வந்தது என்றும் எழுதிவிடுகிறேன், மலரில் எல்லோரும் படிக்கட்டும்.

நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி நேராகக் காஞ்சிரங்குளம் போனேன். டேவிட்சன் சார் வாசலுக்கு வந்து சிரித்த முகமாக வரவேற்றார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் சொல்வது எளிதாக இல்லை.

"சார், ஒங்க நன்றிய திருப்பித் தர வந்திருக்கேன். நான் வெட்டல்ல. டிவி வெட்டினது. எனக்கு வெட்டவே தெரியாது" என்றேன். சாம்சன் உள்ளிருந்து வந்தான். ரத்தினபாய் அம்மா நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினார். புதிய சீடியை எடுத்துக் காட்டினேன். "இதுல எல்லாரும் உண்டு. போட்டுப் பாருங்கோ."

சாம்சன் சீடிப் பெட்டியைத் திறந்தான். என் வாய் அதோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மா, அன்னைக்கு புஷ்பம் போகல்ல. முற்றத்துலதான் நின்னா. யாராவது விளிப்பாங்கன்னு நின்னா. நானும் விளிக்கல்ல."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முற்றத்தைப் பார்த்தார். கைப்பிடியை ஊன்றி எழுந்தார்.

"சாம்சா, வண்டிய எடு."

"படம் போடப் போறேன் அம்மா. பாத்திட்டு..."

"அத பொறவு பாக்கலாம். வெள்ளறடைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

சாம்சன் லீவுக்கு வாடகைக்கு எடுத்த கார் முற்றத்தில் நின்றது. அம்மா பின்னால் ஏறினார், வழி காட்ட நான் முன்னால் ஏறினேன். டேவிட்சன் சார் வாசலிலேயே நின்றார். கார் திரும்பும்போது உள்ளே ஓடிப்போய் ஒரு குடையை எடுத்து வந்து, "மழ வரும் அம்மா" என்று ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அதற்குமேல் அவரால் அன்றைக்கு முடியவில்லை.

நான்கு மூலையும் ஒழுங்காக, ஓர் ஆள் குறையாமல் நான் செய்த முதல் சீடி அந்த வீட்டு டிவிப் பெட்டியின்மேல் கிடந்தது. அன்று அதை யாரும் பார்க்கவில்லை.